திறக்கக் கூடாத சோற்றுப்பானை

பூசணிப்பட்டினத்து மகாராஜா கொண்டல்பூபதிக்கு இரண்டே வேலை. ஒன்று, சாப்பிடுவது. இன்னொன்று, அடுத்த சாப்பாட்டுக்குக் காத்திருப்பது. ராஜா காலத்தில் ஏதய்யா கம்ப்யூட்டர் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அந்த ஊரில் இருந்தது!

அதுவும் பொங்கல் நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. ரேஷன் கடையில் அரிசி இருக்கிறது, வாசலில் ஜனம் நிற்கிறது, பில் போடுகிற மென்பொருள் மட்டும் ஓடவில்லை. விற்ற வியாபாரியைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்து பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். வியாபாரியோ காசிக்குப் போய்விட்டான். அவன் மந்திரி தாண்டவராயரின் மச்சான் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

அரண்மனை விகடகவி வேடியப்பன் எழுந்தான். "மகாராஜா, யார் வேணும்னாலும் திறந்து பார்த்துத் திருத்துற மென்பொருள் இருக்கு. இனிமே அதையே வாங்குவோம். நம்ம ஊர்ப் பிள்ளைங்களே பழுது பார்த்துடுவாங்க. ஜனம் பட்டினி கிடக்குது."

"ஐயையோ! திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி கண்டவனும் கை வைப்பான்!" என்று மந்திரி அலறினார்.

ராஜா மிரண்டுபோனார். "அதானே! இனி அரண்மனைக்கு எது வந்தாலும் மூடியே இருக்கணும். வித்தவனைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. இது என் ஆணை!"

"உத்தரவு!" என்ற வேடியப்பன் நேராகச் சமையல்கட்டுக்குப் போனான்.

மதியம் இலை போட்டார்கள். வேடியப்பன் ராஜா எதிரே ஒரு பித்தளைப் பானையைக் கொண்டுவந்து வைத்தான். மூடியை ஈயம் காய்ச்சி ஒட்டியிருந்தது.

"திறடா!" என்றார் ராஜா.

"வித்தவன்தான் திறக்கணும், மகாராஜா. அவன் ராமேசுவரத்துல தீர்த்தமாடுறான்."

"அப்போ உடை!"

"அது முடியாதே. பானை நம்மளது இல்லை. சாப்பிடுற உரிமையைத்தான் வாங்கியிருக்கோம். அதுவும் இன்னைக்குப் பொழுதோட முடியுது."

பசியில் ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மந்திரி குறுக்கே பாய்ந்தார். "திறந்து வெச்சா எவனாவது விஷம் வைப்பான், மகாராஜா!"

"அதுக்குத்தானே நம்ம அரண்மனையில நாலு பேர் பார்க்கக் கொட்டகையில சமைக்கிறது?" என்றான் வேடியப்பன். "அங்கே குழம்புல பல்லி விழுந்தா பத்துப் பேர் கத்துவாங்க. மூடின பானையில விழுந்தா யாருக்குத் தெரியும்?"

ராஜா கையைப் பின்னுக்கு இழுத்தார். "இதுல விழுந்திருக்கா?"

"பார்க்க நமக்கு உரிமை இல்லையே!"

"ஆணை ரத்து! திறந்த மென்பொருளையே வாங்கு! நம்ம பிள்ளைங்களை உடனே உட்கார வை! ஜனத்துக்கு அரிசி போகணும்!" என்று கத்திய ராஜா, மந்திரி பக்கம் திரும்பினார். "தாண்டவராயரே, மூடினதுதான் நல்லதுன்னீரே, இந்தப் பானை உமக்கே. கண்ணைக் கட்டிக்கிட்டுச் சாப்பிடும்."

மந்திரி துள்ளி எழுந்தார். "ஐயோ மகாராஜா, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம எப்படி வாயில வைக்கிறது?"