ஒரே குத்து, இரண்டு தண்டனை

மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தையல்நாயகி ஒரு பாடசாலை மண்டபத்தைத் திறந்து வைப்பார். இருபது தமிழர் வந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பார்கள். யாழ்ப்பாணத்தார் இருபது பேர் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதே பெரிய தவம்தான் என்று வெளியில் பகிடி பண்ணுவார்கள். அதில் பொய் இல்லை.

அவருக்கு வயது நாற்பத்தேழு. மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் தாதி. காவி கட்டியதில்லை, பிரசங்கம் செய்ததில்லை. தியானம் முடிந்ததும் எல்லாருமாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில்தான் கேள்வி கேட்கலாம். கேட்கிறவரின் கையில் வேலை இருக்க வேண்டும் என்பது அங்கே ஒரு கட்டுப்பாடு. சும்மா இருந்து கேட்கும் கேள்விக்கு அவர் காது கொடுப்பதில்லை.

சிவபாதத்துக்கு வயது அறுபத்து மூன்று. ஊரில் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவர். இங்கே வந்த பிறகு மகனை அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழகினார். நீள்வட்டப் பந்தைக் காலாலும் கையாலும் அடித்துக்கொண்டு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஓடும் விளையாட்டு அது. ஆளை இடிக்கலாம், மறிக்கலாம், கட்டிப் பிடித்து விழுத்தலாம். குத்தக் கூடாது. மகன் இரண்டு வருடத்தில் விளையாட்டை விட்டுவிட்டான். தகப்பன் விடவில்லை.

அவருடைய ஒழுங்கைப் பார்த்து, புறநகர் அணிகளின் சங்கம் அவரைத் தண்டனைக் குழுவில் போட்டது. மூன்று பேர் கொண்ட குழு. மைதானத்தில் யாராவது குத்திவிட்டால், செவ்வாய்க்கிழமை மாலை கூடி, அவன் எத்தனை கிழமை, அதாவது எத்தனை வாரம், விளையாடக் கூடாது என்று தீர்மானிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் சரியில்லாமல் இருந்தது. ஒரு பிடி பயித்தங்காயை எடுத்துக்கொண்டு தையல்நாயகிக்கு எதிரே உட்கார்ந்து, முறிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"முறியுங்கோ ஐயா," என்றார் தையல்நாயகி.

இரண்டை முறித்துவிட்டுச் சிவபாதம் விஷயத்தைச் சொன்னார்.

ஜூன் மாதம் மஜோக் என்ற ஒருவன் எதிரணிக்காரரை முகத்தில் குத்தினான். தாடை முறிந்தது. மஜோக் கடைசி இடத்தில் கிடக்கும் அணிக்காரன். குழு ஐந்து கிழமை தடை போட்டது. நேற்று, அரையிறுதியில், முதலிடத்து அணியின் தலைவன் லாக்லன் ஒருவரைக் குத்தினான். அதே கை, அதே வீச்சு, அதே இடம். குத்து வாங்கினவர் விழுந்து, எழும்பி, தொடர்ந்து விளையாடினார். சங்கத்தின் அட்டவணை காயத்தைப் பார்த்துத்தான் கிழமை சொல்லும். காயம் இல்லாதபடியால் ஒரு கிழமை, அல்லது வெறும் எச்சரிக்கை. வருகிற சனிக்கிழமை இறுதிப் போட்டி. எச்சரிக்கை என்றால் லாக்லன் விளையாடலாம்.

"ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு எண்டு சனம் சொல்லும்," என்றார் சிவபாதம். "குழுவில ஒருத்தர் எச்சரிக்கை போதும் எண்டு இப்பவே சொல்லிப்போட்டார். மற்றவ இன்னும் வாய் திறக்கேல்லை. என்ர வாக்கிலதான் நிக்குது. நான் என்ன செய்யிறது அம்மா?"

தையல்நாயகி தன் முன்னால் இருந்த பயித்தங்காய்க் கட்டை அவிழ்த்தார்.

"நான் இதை முறிச்சு முடிக்குமட்டும் லாக்லனுக்காகப் பேசுங்கோ."

சிவபாதம் திகைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். நீதிமன்றத்தில் இருபது வருடம் பிறர் பேசக் கேட்டவர், தானும் பேசக் கூடியவர்தான். லாக்லன் பதினொரு வருடமாக ஒரு முறையும் குழுவுக்கு முன்னால் வந்ததில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்கத் தலையை மொட்டை அடித்தவன். சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறான். மனைவிக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. இது அவன் விளையாடும் கடைசிப் பருவம். பாதிரியார், பாடசாலை அதிபர், தீயணைப்புப் படைக்காரர் என்று பதினான்கு பேர் நேற்று இரவே அவனுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். உடலசைவு ஆராயும் பேராசிரியர் ஒருவர், அந்தக் கை அடிக்கப் போகவில்லை, சமநிலைக்காகத்தான் போனது என்று எட்டுப் பக்கம் எழுதி இன்று விடியவே அனுப்பிவிட்டார்.

கட்டு முடிந்தது. சிவபாதம் இன்னும் முடிக்கவில்லை. தையல்நாயகி கையைத் துடைத்துவிட்டு இரண்டாவது கட்டை எடுத்தார்.

"இனி மற்றப் பிள்ளைக்காகப் பேசுங்கோ."

"மஜோக் அடிச்சவன். ஓம், அடிச்சனான் எண்டு ஒப்புக்கொண்டவன்."

"பிறகு?"

சிவபாதம் யோசித்தார்.

"பிறகு ஒண்டும் இல்லை."

தையல்நாயகியின் கையில் இரண்டாவது கட்டின் முதல் காயே இன்னும் பாதி இருந்தது. அதை முறித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, அவனுடைய விசாரணை எவ்வளவு நேரம் நடந்தது என்று கேட்டார். பன்னிரண்டு நிமிடம் என்றார் சிவபாதம். ஆள் தனியாக வந்தான், சட்டத்தரணி இல்லை, கடிதம் இல்லை, காற்சட்டையில் கறுப்பு எண்ணெய். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

தையல்நாயகி அடுத்த காயை எடுத்தார். அன்றைய கறியில் உப்புக் கூடிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். சிவபாதத்துக்கு அது கூடத் தெரியவில்லை.

அடுத்த நாள் அவர் மஜோக்கைத் தேடிப் போனார். குழுவில் இருப்பவர் அப்படிப் போகலாமா கூடாதா என்று சங்கத்தின் விதியில் எங்கும் இல்லை. இருந்திருந்தாலும் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மனுஷனுக்கு மனம் சுட்டுவிட்டது.

மஜோக் ஒரு டயர்க் கடையில் வேலை செய்தான். அவரை அடையாளம் கண்டு, சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே பேசினான். அன்று அந்த எதிரணிக்காரர் முதல் கால் மணி நேரம் முழுவதும் அவனுடைய தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று சிவபாதம் கேட்டார். யாரும் கேட்கவில்லையே என்றான் மஜோக். சட்டத்தரணியைக் கூட்டி வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லப் போகிற ஆளுக்குச் சட்டத்தரணி எதற்கு என்று நினைத்தானாம். ஐந்து கிழமை கழித்துத் திரும்பிப் போனபோது அவனுடைய இடத்தில் வேறொருவன் விளையாடினான். பிறகு அவன் போகவில்லை.

சிவபாதம் ஒன்றரை மணி நேரம் அங்கே நின்றார். தங்கைகள் எத்தனை பேர், தாய் எங்கே துப்புரவு வேலை செய்கிறா, எந்த வயதில் முதலில் பந்தைத் தொட்டான், எல்லாம் கேட்டார். வீட்டுக்கு வந்து நாலு பக்கம் எழுதினார்.

செவ்வாய் மாலை விசாரணை இரண்டரை மணி நேரம் நடந்தது. லாக்லன் நல்ல சூட் போட்டுக்கொண்டு வந்தான். சட்டத்தரணி பேசினார், பேராசிரியர் படம் வரைந்தார். அந்தக் குத்தைத் திரையில் வேகமாகவும் மெதுவாகவும் முப்பது முறையாவது ஓட்டியிருப்பார்கள். எல்லாம் முடிந்து குழு தனி அறைக்குள் போனதும், சிவபாதம் மஜோக்கின் பழைய கோப்பை லாக்லனின் கோப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று செங்கல் தடிப்பு. மற்றதில் மூன்று தாள். தான் எழுதிய நாலு பக்கத்தையும் வாசித்தார்.

வாய் திறக்காமல் இருந்த பெண்மணி, முன்னாள் ஆட்ட மத்தியஸ்தர், நெடுநேரம் இரண்டு கோப்பையும் பார்த்தா. பிறகு சிவபாதத்தின் பக்கம் சேர்ந்தா. இரண்டுக்கு ஒன்று. லாக்லனுக்கும் ஐந்து கிழமை.

அன்று இரவு அவர் நன்றாக நித்திரை கொண்டார்.

வியாழக்கிழமை லாக்லனின் அணி மேன்முறையீடு செய்தது. வேறு மூன்று பேர் உட்கார்ந்து, அட்டவணைப்படி காயம் இல்லை என்று சொல்லி, ஐந்து கிழமையை வெறும் எச்சரிக்கையாக மாற்றினார்கள். இருபது நிமிடத்தில் அலுவல் முடிந்தது. சனிக்கிழமை லாக்லன் விளையாடினான். நாலு கோல் அடித்தான், கிண்ணத்தைத் தூக்கினான், அதற்குள் பியரை ஊற்றிக் குடித்தான். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிவபாதம் மண்டபத்துக்கு வந்தார். தியான நேரம் முழுவதும் அவர் பெருமூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. முடிந்ததும் கீரைக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தையல்நாயகிக்கு எதிரே உட்கார்ந்து ஆயத் தொடங்கினார். இந்த முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடந்ததை எல்லாம் சொன்னார். டயர்க் கடைக்குப் போனது, நாலு பக்கம் எழுதினது, இரண்டுக்கு ஒன்று, மேன்முறையீடு, நாலு கோல். தையல்நாயகி பழுத்த இலையை ஒரு பக்கம், நல்ல இலையை ஒரு பக்கம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"விழலுக்கு இறைச்ச தண்ணி மாதிரிப் போச்சுது," என்றார் சிவபாதம். "நான் சரியாத்தான் செய்தனான். ரெண்டு பேரையும் ஒரு தராசில வைச்சனான். அவங்கள் தராசையே தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள்."

நேற்று மாலை மஜோக்கிடம் இருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. 'பரவாயில்லை' என்று மட்டும். அவன் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன், இந்தப் பரவாயில்லையைத்தான் தாங்க முடியவில்லை என்றார். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துக் கீரைக்குப் பக்கத்தில் வைத்தார். குழுவிலிருந்து விலகும் கடிதம். திங்கட்கிழமை சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், நீங்கள் வேண்டாம் என்றால் கொடுக்கவில்லை என்றார்.

"அந்தக் கதிரையில இருந்து நியாயம் செய்யேலாது அம்மா. இனி யார் இருந்தாலும் இப்பிடித்தான். என்னில பிழை சொல்லேலாது. இப்ப கேளுங்கோ, மஜோக்குக்காகவும் பேசுவன், லாக்லனுக்காகவும் பேசுவன். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு நேரம்."

"ஓம், பேசுவீங்கள்," என்றார் தையல்நாயகி. அதில் கேலி இல்லை. உண்மையாகவே ஒப்புக்கொண்டார்.

சிவபாதம் கொஞ்சம் ஆறினார். இன்னும் ஒரு காம்பை எடுத்து ஆய்ந்தார்.

"அடி வாங்கின ரெண்டு பேரையும் பற்றிச் சொல்லுங்கோ," என்றார் தையல்நாயகி.

"ஒருத்தருக்குத் தாடை ரெண்டு இடத்தில முறிஞ்சது. கம்பி போட்டவை. மற்றவர் விழுந்து எழும்பி..."

"அது அடி, ஐயா. நான் ஆளைக் கேட்டனான்."

சிவபாதம் பெயர்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். மருத்துவ அறிக்கை இரண்டிலும் பெயர் இருந்திருக்கும். அவர் அதில் காயத்தின் வரியைத்தான் வாசித்தவர். அடி வாங்கினவர்களின் சட்டை இலக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன, பதினான்கு, இருபத்தேழு. அவற்றைச் சொல்லப் போய், சொல்லாமல் விட்டார்.

சமையலறையில் யாரோ கீரை எங்கே என்று கேட்டார்கள். அவர் கையிலிருந்த காம்பு அப்படியே இருந்தது.