எத்தனை டன்?

நாமக்கல்லில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் செங்கோடன் வெல்டராக இருந்தான். அவன் செய்த பிக்கப் வண்டியின் சரக்குத் தட்டு, கல் ஏற்றிப் போனபோது முறிந்து வண்டி கவிழ, டிரைவர் மாரப்பன் செத்துப்போனான். "ஏற்றியது ஒரே டன். வெல்டிங் விட்டுவிட்டது" என்று போலீசில் எழுதிக் கொடுத்தார் குவாரி முதலாளி ரத்தினசபாபதி.

பிறகு அவரே பட்டறைக்கு வந்தார்.

"டேய், அந்த வண்டிக்கு மூணு நாள்ல புதுத் தட்டு வேணும். சும்மா செஞ்சு குடு. இல்லீன்னா ஜெயிலுக்குப் போ."

"செஞ்சர்றனுங்க. எத்தனை டன் ஏத்துவீங்கன்னு சொன்னாத்தான் அதுக்குத் தக்கன இரும்பு போட முடியுமுங்க."

"மூணு டன்."

"அது ஒண்ணேகால் டன் வண்டிங்களே! என்னைக்காவது ஒரு நாளைக்குங்களா?"

"தினமும் மூணு டன்டா! வாங்குன நாள்ல இருந்தே அப்படித்தான் ஓடுது. ஒரு டன் ஏத்த நான் என்ன கீரை வியாபாரியா?"

செங்கோடன் ஆர்டர் புத்தகத்தைப் பணிவாக நீட்டினான். "அதை அப்படியே உங்க கையால எழுதிருங்க. எனக்கு எழுத்து வராதுங்க."

முதலாளி எழுதிப் பெரிதாகக் கையெழுத்தும் போட்டார். செங்கோடன் அதைத் தடங்கலில்லாமல் உரக்கப் படித்தான். பட்டறையே திரும்பிப் பார்த்தது. முதலாளி பாய்ந்து தாளைக் கிழித்தார்.

"இப்ப என்னடா பண்ணுவே?"

"அடியில கார்பன் வெச்சிருக்குதுங்க."

செங்கோடன் ஜெயிலுக்குத் தப்பினான். முதலாளி அபராதம் கட்டிவிட்டு, அடுத்த தெருப் பட்டறையில் மூன்று டன்னுக்கே தட்டுப் போட்டுக்கொண்டார். அந்த வண்டியை ஓட்ட ஆள் கிடைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை.