மண்டபம் கட்டின ஊத்து

ஒரு கடற்கரையில ஒரு நல்லதண்ணி ஊத்து இருந்துச்சு. அலை வந்து நிக்கிற இடத்துக்கும் அதுக்கும் நாலு எட்டுதான். ஆனாலும் தண்ணி இளநி மாதிரி இருக்கும்.

தாகத்தோட வந்த அம்மன் கால் கட்டைவிரலால மணலைக் கீறினா, தண்ணி பொங்கிச்சு, 'இந்தப் பக்கம் வரவே மாட்டேன்'னு கடல் அவ கால்ல விழுந்து சத்தியம் பண்ணிச்சு. இது ஊர்க்கதை. ஊத்தும் அதை நம்பிச்சு. நம்பலைன்னா, அம்மாம்பெரிய கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிக் கண்ணசர்றது?

ஒருநாள் கோயில் கமிட்டித் தலைவர் தங்கப்பழம் வந்து பார்த்தார்.

"அம்மன் கால் பட்ட இடம் இப்படியா பொத்தலாக் கெடக்கும்? மண்டபம் கட்டிருவோம்வே. தளத்தை நல்லா உசத்தணும்."

"மண்ணுக்கு எங்க போக?"ன்னார் கூட வந்தவர்.

"பின்னாடி மேடு சும்மாதானே கெடக்கு."

ஊத்துக்குப் பின்னால மணல்மேடு ஒண்ணு படுத்திருந்துச்சு. ஜேசிபி வந்து அதோட விலாவுல முதல் வாய் வச்சுது. ஊத்துக்கு ஒரே பெருமை. நமக்கு மண்டபம்னா சும்மாவா?

மேடு பாதியானப்ப, ஊத்துக்கு அடித்தொண்டை உப்புக் கரிச்சுது. முதல்ல பிரமைன்னு நினைச்சுது. மறுபடியும் கரிச்சுது. பதறிப்போய்க் கடலைக் கூப்பிட்டுச்சு.

"அண்ணாச்சி, உள்ள வாறது நீங்களா? சத்தியம் பண்ணினீயளே?"

"என்ன சத்தியம்?"

"அம்மன் கால்ல விழுந்து..."

"நான் தினமும் கரையில விழுந்துக்கிட்டுதான் இருக்கேன் தாயி. யார் கால்னு பார்த்ததில்ல. அந்த மேட்டுக்காரன் மழையெல்லாம் குடிச்சுவச்சு, அடியில என்னை அமுக்கிக்கிட்டு இருந்தான். இப்ப அவன் கை தளந்துட்டு."

"நீங்களாப் பார்த்து நிக்கக் கூடாதா?"

"தள்ளுனா நிப்பேன். தள்ள ஆளில்லைன்னா வருவேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

ஊத்து மேட்டுப் பக்கம் திரும்புச்சு. "இத்தனை நாள் கூட இருந்தீயளே, ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"கதையில அம்மன் இருக்கா, கடல் இருக்கு, நீ இருக்க. நான் எங்கட்டி இருக்கேன்? இல்லாதவன் பேசுனா யாரு கேப்பா?" மேடு இன்னும் என்னவோ சொல்ல வந்துச்சு. அதுக்குள்ள ஜேசிபி அடுத்த வாய் வச்சுட்டுது.

மண்டபம் எழும்பிச்சு. மேடு இருந்த இடத்துல செருப்பு விடுற இடம் வந்துச்சு.

திறப்புவிழா அன்னைக்குக் காலையில, எப்பவும்போல பேச்சித்தாய் குடத்தோட வந்தா. அவ வீட்டு அடுப்புக்கும் வாய்க்கும் இந்தத் தண்ணிதான். இத்தனை நாள் சமாளிச்ச மாதிரியே ஊத்து இருக்கிற நல்லதண்ணியையெல்லாம் மேல கொண்டுவர முக்கிப் பார்த்துச்சு. அவ ஒரு கை அள்ளிக் குடிச்சா. துப்பிட்டு, பந்தல்கிட்ட நின்ன தங்கப்பழத்தைக் கூப்பிட்டா.

"அண்ணாச்சி, தண்ணி கரிக்கி."

தங்கப்பழம் ஒரு சொட்டு நாக்குல விட்டார். முகம் கோணிச்சு. கொஞ்சம் யோசிச்சார்.

"கரிக்கத்தானே செய்யும். கடல் அம்மன் கால்ல வந்து விழுந்திருக்குல்லா. இப்பந்தான் முழுத் தீர்த்தம்."

"அப்ப குடிக்க?"

"குடிக்கத் தண்ணி லாரிக்குச் சொல்லியிருக்கு. நீ தள்ளி நில்லு, கூட்டம் வருது."

பேச்சித்தாய் காலிக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தா. மேளம் ஆரம்பிச்சுது. நல்ல கூட்டம். எல்லாரும் பயபக்தியா அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. உதட்டுல வழிஞ்சதைத் துடைச்சுக்கிட்டாங்க.