உடும்புப் பிடி

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு கல்லூரி இருந்தது. அக்கரையில் ஒரு கல்லூரி இருந்தது. இக்கரைக் கல்லூரியில் மல்யுத்தம் கற்றுக்கொடுத்தவர் நாகூர் மீரான் மாஸ்டர்.

அவர் வேலைக்கு வந்த ஆண்டில் அங்கே மல்யுத்த மெத்தை கிடையாது. உமி மூட்டைகளைப் பரப்பி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சேர ஆளும் கிடையாது. விடுதியின் சாப்பாட்டு வரிசைக்குப் போனார். மூன்றாம் தடவை சோறு வாங்க வந்தவர்களைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வரிசையிலிருந்துதான் பல்கலைக்கழகச் சாம்பியன்கள் வந்தார்கள்.

மெத்தைக்குப் பணமில்லை என்று கையை விரித்த நிர்வாகத்தார், கோப்பை வந்ததும் படத்தில் நடுவில் வந்து நின்றார்கள். மாஸ்டர் ஓரத்தில் பாதி முகமாக இருப்பார். ஒரு பத்திரிகை அவர் பெயரை ‘மீனான் மாஸ்டர்’ என்று போட்டது. இன்றுவரை திருத்தம் போடவில்லை. மாஸ்டர் அதைப் படித்துவிட்டு நாள் முழுக்கச் சிரித்தார்.

வருஷா வருஷம் ஜெயித்தார்கள். கோப்பைகளை வைக்க இடமில்லாமல் போயிற்று. வேதியியல் துறையில் ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்துக் குடித்தார்கள். முதல்வர் அறையில் ஒன்றில் குரோட்டன்ஸ் வளர்ந்தது.

மாஸ்டர் ஓய்வு பெறும் ஆண்டு வந்தது. கடைசிப் போட்டி சொந்த மைதானத்திலேயே அமைந்தது. அவர் பலவேசத்தைக் கூப்பிட்டார்.

“இனி அணி உன் பொறுப்பு. யாரை எந்த எடையில இறக்கணும்னு நீயே முடிவு பண்ணு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

பலவேசம் அவரிடம் கற்று, அவருக்கே உதவிப் பயிற்சியாளராக ஆனவர். நாற்பதைத் தாண்டியவர். பிடித்தால் விடமாட்டார். பையன்கள் அவருக்கு உடும்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் மாஸ்டர் மைதானத்துக்கு வந்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சுடலைமணி என்ற மாணவன் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

“அவன் எதுக்குடே மழைக்கோட்டு போட்டிருக்கான்? மேகத்தையே காணோம்” என்றார் மாஸ்டர்.

“எடையைக் குறைக்கான் மாஸ்டர். அறுபத்தொரு கிலோவுல இறக்கப் போறேன். சாயங்காலம் பேர் கொடுக்கணும்.”

“அவன் அறுபத்தஞ்சுல வந்தவனை எல்லாம் மல்லாத்திக்கிட்டு இருந்தான்லா?”

“அறுபத்தஞ்சுல ஜெபமணியோட ஆளு இல்லை. அறுபத்தொண்ணுலதான் இருக்கான்.”

ஜெபமணி அக்கரைக் கல்லூரியின் பயிற்சியாளர். அவரும் பலவேசமும் மாணவர்களாக இருந்தபோது இறுதிப் போட்டியில் மோதியிருக்கிறார்கள். பலவேசம் இடுப்பைப் பிடித்தார். பிடி வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது. ஜெபமணியின் கையைத் தூக்கிவிட்டார்கள். ஜெபமணி உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தான் என்று பலவேசம் சொன்னார். அது வியர்வை என்று நடுவர் சொன்னார்.

“ஜெபமணி கண்ணு முன்னால அவன் பையனை என் பையன் மல்லாத்தணும். அவன் உக்காந்து பாக்கணும்” என்றார் பலவேசம்.

“மெடலு?”

“மெடலு கிடக்கு மாஸ்டர்.”

“பையன் சாப்பிட்டானா?”

“நேத்து மத்தியானம் சாப்பிட்டான்.”

“தண்ணி?”

“வாய் கொப்பளிச்சான்.”

மாஸ்டர் ஓடுகிற பையனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன மாஸ்டர், பேச மாட்டேங்கிய?”

“வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்லா.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அவன் தேய்ச்சது எண்ணெய்தானே?”

“எண்ணெய்தான். தேங்காயெண்ணெய். அவன் துடைச்ச துண்டை நான் மோந்து பாத்தேன்.”

பலவேசம் அப்படியே நின்றார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் ஆமாம் என்று சொன்னதில்லை.

“அப்ப எப்படி மாஸ்டர் நான் அதை விட முடியும்?”

“விடுன்னு யாருடே சொன்னா? நீ உடும்புல்லா. பிடிச்சதை விடலாமா?” மாஸ்டர் திரும்பி முதுகைக் காட்டி நின்றார். “எங்க, என்னைப் பிடி பாப்போம். இடுப்போட சேத்துப் பிடி. நல்லாப் பூட்டிக்கோ.”

“எவ்வளவு நேரம் மாஸ்டர்?”

“உன்னால முடிஞ்ச வரைக்கும்.”

“என்னாலயா?” பலவேசம் சிரித்தார். “நாளைக்குப் போட்டி முடியுத வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.”

அவர் பின்னாலிருந்து மாஸ்டரின் இடுப்பைச் சுற்றிக் கைகளைப் பூட்டினார். கன்னத்தை முதுகில் அழுத்தினார். பழைய பிடி. அதிலிருந்து நழுவியவர் ஒருவர்தான்.

“ஆச்சா?” என்றார் மாஸ்டர்.

“ஆச்சு.”

மாஸ்டர் நடக்கத் தொடங்கினார்.

பலவேசம் இதை எதிர்பார்க்கவில்லை. திமிறுவார், குனிவார், காலைத் தட்டுவார் என்று நினைத்திருந்தார். மாஸ்டர் காலாற நடந்தார். பலவேசமும் பின்னால் கால் மாற்றி வைத்து நடக்க வேண்டியிருந்தது.

எதிரே சுடலைமணி ஓடி வந்தான். இருவரையும் பார்த்து வேகத்தைக் குறைத்தான்.

“சார், இது என்ன பிடி? எங்களுக்குச் சொல்லித் தரவே இல்லையே?”

“நீ ஓடு” என்றது மாஸ்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

கேன்டீன் வாசலில் கூட்டம் இருந்தது. விடைபெறும் மாஸ்டரைப் படம் எடுக்க வந்திருந்த போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

“மாஸ்டர், கொஞ்சம் சிரிங்க. பின்னால இருக்கிற சார், தலையை உள்ள இழுத்துக்கோங்க. ரெண்டு தலை மாதிரி விழுது.”

பையன்கள் சிரித்தார்கள். பலவேசம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கையை விடவில்லை.

கேன்டீனுக்குள்ளே அக்கரை அணி உட்கார்ந்திருந்தது. மாஸ்டரைக் கண்டதும் ஜெபமணி எழுந்தார்.

“வாங்க மாஸ்டர், உக்காருங்க. பின்னால யாரு, நம்ம பலவேசமா?”

“ஆமா.”

“என்ன செய்யுதான்?”

“என்னைப் பிடிச்சு வச்சிருக்கான்” என்றார் மாஸ்டர்.

“எதுக்கு?”

“அவன்ட்டயே கேளு.”

பலவேசம் முகத்தை மாஸ்டரின் முதுகில் புதைத்துக்கொண்டார். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். பலவேசமும் பின்னால் குந்த வேண்டியதாயிற்று. பஜ்ஜி வந்தது. மாஸ்டர் ஒவ்வொன்றாகச் சட்னியில் தோய்த்து நிதானமாகத் தின்றார். சட்னி ஒழுகிப் பலவேசத்தின் கைமேல் விழுந்தது.

“பலவேசம், உனக்கு ஒண்ணு ஊட்டி விடவா?” என்றார் ஜெபமணி.

“வேண்டாம்.”

“கைதான் வேலையா இருக்கு, வாய் சும்மாத்தானே இருக்கு?”

“வேண்டாம்னா விடும்வே.”

மாஸ்டர் டீயை உறிஞ்சினார். “ஜெபமணி, படிக்கும்போது நீ ஒரு பைனல் ஜெயிச்சியே, ஞாபகம் இருக்கா?”

ஜெபமணி மேலே பார்த்து யோசித்தார்.

“இருக்கு மாஸ்டர். அன்னைக்கு ராத்திரி எல்லாரும் போய்ப் புரோட்டா தின்னோம். அடடா, அந்தச் சால்னா மாதிரி அப்புறம் நான் தின்னதே இல்லை. எதிர்ல யாரு நின்னாங்கிறதுதான் மறந்து போச்சு.”

செய்தவர்களுக்கு மறதி எளிதில் வரும். பலவேசத்தின் பிடி இறுகியது. மாஸ்டர் ஒருமுறை இருமினார்.

“புரோட்டா முக்கியம்” என்று சொல்லி எழுந்தார்.

அங்கிருந்து மாஸ்டர் மணி அடிப்பவரிடம் பேரனைப் பற்றி விசாரிக்கப் போனார். பலவேசமும் போனார். நூலகத்தில் பத்திரிகை பார்க்கப் போனார். பலவேசமும் போனார். மாடிப்படி ஏறினார். பலவேசம் முனகிக்கொண்டே ஏறினார். அவருக்கு முழங்கால் வலித்தது, முதுகு வலித்தது, பசித்தது. மாஸ்டர் பழைய பாட்டொன்றைச் சீட்டியடித்துக்கொண்டு படியிறங்கினார்.

“மாஸ்டர், எங்க போறோம்?”

“எனக்கென்ன, எங்க வேணும்னாலும் போலாம். நீதான் நல்லாப் பிடிச்சிருக்கியே.”

மறுபடி மைதானத்து ஓரமாக வந்தார்கள். மாஸ்டர் வாசல் பக்கம் நடந்தார். முதுகில் கன்னத்தை வைத்திருந்ததால் பலவேசத்துக்கு மைதானம் மட்டும்தான் தெரிந்தது. தூரத்தில் தண்ணீர்க் குழாயடியில் சுடலைமணி நின்றிருந்தான். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் ஏந்தினான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை. கீழே விட்டுவிட்டான். மறுபடி ஓடப் போனான். கால் பின்னிற்று. குழாயைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

“மாஸ்டர், நில்லுங்க.”

மாஸ்டர் நிற்கவில்லை.

“மாஸ்டர், பையனுக்கு என்னமோ ஆயிட்டு. அங்க போகணும்.”

மாஸ்டர் வாசலைப் பார்த்து நடந்தார். பலவேசமும் பின்னாலேயே நடந்தார், தலையை மட்டும் குழாயடிப் பக்கம் திருப்பிக்கொண்டு.

“ஐயோ மாஸ்டர், என்னை விடுங்க. நான் அவன்ட்ட போகணும்.”

மாஸ்டர் நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“என் கை ரெண்டும் இங்க இருக்கு. நான் எங்கடே உன்னைப் பிடிச்சேன்?”

பலவேசம் கைகளைப் பிரிக்கப் பார்த்தார். விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

பிறகு ஓடினார். மழைக்கோட்டைக் கழற்றினார். ஸ்வெட்டரை உருவினார். குழாயை முழுக்கத் திறந்து பையன் தலையில் தண்ணீரை வாரி வாரி ஊற்றினார். கையில் ஏந்தி அவன் வாயருகே கொண்டுபோனார்.

“குடிடே.”

சுடலைமணி குடித்தான். இன்னும் கேட்டான். மூச்சு விடாமல் குடித்தான். பிறகு பயந்துபோய் நிமிர்ந்து பார்த்தான்.

“சார், எடை ஏறிருமே.”

“ஏறட்டும்” என்றார் பலவேசம்.