அலமாரியைத் தேய்த்தவள்

கொஞ்ச காலத்துக்கு முன்பு, ஒரு நகரத்தின் ஓரத்தில் இருந்த குடியிருப்பு ஒன்றில், பலா மரத்தால் செய்த ஓர் அலமாரி வாழ்ந்துவந்தது. அதன் பின்கால் ஒன்றைக் கரையான் பாதி தின்றிருந்தது. கதவுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நிறப் பெயின்ட் வெடித்துக் கிடந்தது. வீட்டுக்காரர் பரஞ்சோதி ஒரு கம்பெனியில் மேலாளர். பழைய சாமான் எடுக்கிறவரிடம் இதைத் தள்ளிவிடப் போகிறேன் என்று மாதத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். அப்போதெல்லாம் அலமாரிக்கு உள்ளுக்குள் நடுங்கும்.

அதைக் காப்பாற்றியவள் அவருடைய மனைவி குமுதவல்லி. நானே இதைச் சரிபண்ணிப் பார்க்கிறேன் என்று ஒரு நாள் அவரிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார்.

மறுநாளே அவள் கடைத்தெருவில் இருந்த செல்லப்பாண்டியின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். பழைய பெயின்ட்டை எடுக்க எந்த உப்புத்தாள் வேண்டும், கரையான் அரித்த ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்று கேட்டாள். சாரை அனுப்புங்க, அவரிடம் சொல்கிறேன் என்றார் செல்லப்பாண்டி.

"செய்யப்போறது நான்தான். என்கிட்ட சொல்லுங்க" என்றாள் குமுதவல்லி.

அதற்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இப்படித்தான் ஒரு கட்டு உப்புத்தாளும் ஒரு டின் வார்னிஷும் அந்த வீட்டுக்குள் வந்தன.

உப்புத்தாள் கரடுமுரடான ஆள். இனிப்பாகப் பேச வராது. அலமாரி அதைக் கண்டதும் பயந்துபோய், வலிக்குமா என்று கேட்டது.

"வலிக்கும்" என்றது உப்புத்தாள். "எனக்கும்தான். நான் உன்னைத் தேய்க்கும்போது நீயும் என்னைத் தேய்க்கிறாய்."

ஆனால் இருவரையும்விட அதிகம் தேய்ந்தது குமுதவல்லியின் கைதான். காலைச் சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, துணி உலர்த்திய பிறகு அவளுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்கட்டில் உட்காருவாள். முதல் வாரத்தில் விரல் நுனிகள் கொப்பளித்தன. இரண்டாம் வாரத்தில் கொப்பளம் உடைந்து, சாம்பாரில் போட உப்பை அள்ளினால் எரிந்தது. மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்பதை ஒரு கதவைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டாள். அந்தக் கதவை முதலிலிருந்து திரும்பத் தேய்த்தாள். உதிர்ந்த மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டைகளை அடைத்தாள். அரித்த காலை அறுத்துவிட்டுப் புதுக் கட்டை ஒன்றைப் பொருத்தி, அலமாரி ஆடாமல் நிற்கிறதா என்று பத்துத் தடவை அசைத்துப் பார்த்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் மூன்று நிறமும் போய், பலாவின் மஞ்சள் வெளியே தெரிந்தது. அலமாரிக்குத் தன் முகமே மறந்துபோயிருந்தது. இவ்வளவு நாளும் நான் இப்படியா இருந்தேன் என்று அது அழாத குறையாகக் கேட்டது.

கடைசி நாள் சாயங்காலம் வார்னிஷின் முறை வந்தது. இரண்டு பூச்சு. காய்ந்ததும் அலமாரி பளபளவென்று மின்னியது.

"பார்த்தீர்களா என் வேலையை?" என்றது வார்னிஷ்.

உப்புத்தாள்களில் பெரும்பாலானவை மொட்டையாகிக் குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. பாதித் தாள் ஒன்று மட்டும் மிச்சமாகி, நான்காக மடிந்து குமுதவல்லியின் துணிப்பையில் கிடந்தது. அதற்கு வந்ததே கோபம்.

"நீ அழகாக இருக்கிறாய். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ வேலைக்கு வந்தது நேற்று. என் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கூடையில் கிடக்கிறார்கள். எங்களைப் பாராட்டச் சொல்லவில்லை. நீ செய்ததாகச் சொல்லாதே, அதுபோதும்."

"பார்க்க வருகிறவர்கள் கூடைக்குள் எட்டிப் பார்ப்பார்களா?" என்றது வார்னிஷ். "என்னைத்தான் பார்ப்பார்கள்."

அது சொன்னபடியே ஆயிற்று.

அந்த வாரம் பரஞ்சோதியுடன் வேலை செய்யும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அலமாரியைத் தடவிப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். வாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நானே பண்ணினேன் என்றார் பரஞ்சோதி. காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த குமுதவல்லியின் காதில் அது விழுந்தது. விளையாட்டுக்குச் சொல்கிறார், இப்போது சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லுவார் என்று காத்திருந்தாள். காபி தீர்ந்தது. அவர் சொல்லவில்லை.

விருந்தாளி போனதும் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள நீ, நான்னு யாராவது பிரிச்சுப் பேசுவாங்களா?" என்றார் அவர். முகத்தில் கள்ளம்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குள் பிரிக்கக் கூடாது என்பவர், விருந்தாளி முன்னால் மட்டும் எப்படி 'நான்' என்று சரியாகப் பிரித்தெடுத்தார்?

அவள் வேலையை நிறுத்தவில்லை. கை பழகிவிட்டது. புது உப்புத்தாள் வாங்கி, நான்கு நாற்காலிகளின் பழைய பெயின்ட்டை உரித்துப் பூசினாள். உடைந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து, செருப்பு வைக்க அடியில் இடமுள்ள பெஞ்சு ஒன்று செய்தாள். கூடத்துச் சுவர்களின் விரிசல்களை அடைத்துப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாள். ஒவ்வொன்று முடியும்போதும் பரஞ்சோதி அதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். படங்களில் அவர் பக்கத்தில் நின்றார். ஒரு படத்தில் கையில் பிரஷ்கூட இருந்தது.

"அந்தப் பிரஷ் காய்ந்த பிரஷ்" என்று துணிப்பைக்குள்ளிருந்து முனகியது உப்புத்தாள்.

பிறகு குடியிருப்புச் சங்கம் ஒரு போட்டி வைத்தது. தன் கையால் வீட்டைப் புதுப்பித்தவர்களில் சிறந்தவருக்குப் பரிசு. பரஞ்சோதி தன் பெயரைக் கொடுத்தார். பார்வையிட மூன்று பேர் வந்தார்கள். சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ரோஸலின் டீச்சர், மூன்றாவதாக ஹார்டுவேர் கடை செல்லப்பாண்டி.

செல்லப்பாண்டியைக் கண்டதும் அலமாரிக்கு உயிர் வந்தது. "இவருக்குத் தெரியும். யார் வாங்கினார்கள், யார் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள் என்று எல்லாம் தெரியும். இவர் சொல்லிவிடுவார்."

பரஞ்சோதி அறை அறையாக விளக்கிக்கொண்டு வந்தார். தூசு எப்படிப் பறந்தது, விரல் எப்படிக் கொப்பளித்தது என்றுகூடச் சொன்னார். அவள் விரலைப் பார்த்துத்தான் அதை அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். கடைசியில், மிஸஸும் கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க என்று முடித்தார். செயலாளர் குமுதவல்லியைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அலமாரியால் பொறுக்க முடியவில்லை. தன்னால் முடிந்த ஒரே குரலில் கத்தியது. கதவு கிரீச்சிட்டது.

கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும் என்றார் பரஞ்சோதி.

செல்லப்பாண்டி குமுதவல்லியைப் பார்த்தார். பரஞ்சோதியைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. புறப்படும்போது வாசலில் மட்டும், மற்ற இருவருக்கும் கேட்காமல் அவளிடம் சொன்னார்:

"விடுங்க மேடம். யார் பேர்ல வந்தா என்ன, பரிசு உங்க வீட்டுக்குத்தானே வருது."

 அன்று துணிப்பைக்குள்ளிருந்து உப்புத்தாள் அலமாரியிடம் சொன்னது: "வார்னிஷையாவது விட்டுவிடலாம். அதன் குணமே மேலே நிற்பது. இவருக்கு என்ன வந்தது?"

பரிசு பரஞ்சோதிக்கே வந்தது. கூடவே அவர் எதிர்பாராத ஒன்றும் வந்தது. குடியிருப்பின் வாசகசாலையில் ஆறு பழைய மேசைகள் இருந்தன. வரும் ஞாயிற்றுக்கிழமை பரஞ்சோதி எல்லார் முன்னிலையிலும் ஒரு மேசையைப் புதுப்பித்துக் காட்டுவார், அதைப் பார்த்து மற்றவர்கள் மிச்சத்தைச் செய்வார்கள் என்று சங்கம் அறிவித்துவிட்டது. வாசகசாலை வாசலில் மரப்பலகை ஒன்றில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதியும் வைத்தார்கள்: 'பயிற்சி அளிப்பவர் பரஞ்சோதி. உதவி திருமதி பரஞ்சோதி.'

அவர் குமுதவல்லியிடம் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"நீ என் பின்னால நின்னு மெதுவா சொல்லிக்கிட்டே இரு. நான் சமாளிச்சுக்கறேன்."

 ஞாயிற்றுக்கிழமை காலை துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசகசாலைக்குப் போனாள். வாசலில் பலகையைப் படித்தாள். உள்ளே போய், அவர் பின்னால் நிற்காமல், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். பரஞ்சோதி கொஞ்ச நேரம் நன்றாகப் பேசினார். பிறகு பேச்சு தீர்ந்துபோனது. பெயின்ட் டின்னைத் திறந்து பிரஷை முக்கினார்.

"ஐயா, என் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது" என்றது மேசை. "பழைய பெயின்ட் செதில் செதிலாக நிற்கிறது. முதலில் தேய்க்க வேண்டும். அது தெரியாதா உங்களுக்கு?"

அவருக்குக் கேட்கவில்லை. பூசினார். பிசுக்கில் பெயின்ட் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விலகியது. பழைய செதில்கள் பிரஷோடு பெயர்ந்து வந்து புதுப் பூச்சில் கட்டி கட்டியாக ஒட்டின. அவர் மேலும் பூசினார். ஓரங்களில் வழிந்தது.

பழைய பெயின்ட்டை எடுக்க வேண்டாமா என்று ரோஸலின் டீச்சர் கேட்டார். அது அடுத்த கட்டம் என்றார் பரஞ்சோதி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவர் குமுதவல்லியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பதினேழு வருடம் கூட வாழ்ந்தவள். ஒரு கணம் அவளுக்கு மனம் இளகத்தான் செய்தது. எழுந்தாள். அவள் எழுந்ததைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மிஸஸ் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவாங்க என்றார்.

இளகிய மனம் அந்த ஒரு சொல்லில் இறுகிவிட்டது.

"நான் ஒத்தாசைக்கு வரல" என்றாள் குமுதவல்லி. குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "நீங்க போய் உட்காருங்க."

அவர் நின்றார். பிரஷிலிருந்து பெயின்ட் அவர் செருப்பில் சொட்டியது. பிறகு பிரஷை டின் மேல் வைத்துவிட்டு, அவள் எழுந்து வந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

செல்லப்பாண்டி அப்போது எழுந்தார். சார் வீட்டு அலமாரியையும் மேடம்தான் செய்தார்கள், எனக்கு நன்றாகத் தெரியும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தெரிஞ்ச நீங்க அன்னிக்குப் பேசல" என்றாள் குமுதவல்லி. "இன்னிக்கு எனக்கே பேச வருது."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவள் மேசையின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். ஈரம். ஈரத்தில் தேய்க்க முடியாது, காய்ந்த மரம் ஒன்று வேண்டும் என்று சொல்லிச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு நேராக வாசலுக்குப் போய், அந்தப் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் கிடத்தினாள். துணிப்பையிலிருந்து பாதி உப்புத்தாளை எடுத்து விரித்தாள்.

"வா" என்றது பலகை. "ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு இரண்டு நாளாக வாசலில் நிற்கிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். சீக்கிரம் எடு."

"என்னிடம் மிச்சம் இருப்பது பாதிதான்" என்றது உப்புத்தாள். "இதற்கு அது போதும்."

ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று குமுதவல்லி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தேய்த்தாள். முன்னால் இருந்தவர்கள் எழுந்து நெருங்கி வந்தார்கள். 'பயிற்சி' போனது. 'பரஞ்சோதி' போனது. 'உதவி' என்ற சொல் வந்தபோது அவள் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். 'திருமதி'யும் போனது. சிவப்புத் தூள் அவள் மடியெல்லாம் கொட்டியது. அடியில் வெறும் மரம் தெரிந்தது. தாளில் தேய்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

 ரோஸலின் டீச்சர் பலகைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, விரலால் மரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து பென்சில் ஒன்றை எடுத்தார்.

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அந்தக் குடியிருப்புக்குக் குமுதவல்லி வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் பலகையில் இருந்த தூளை வாயால் ஊதிவிட்டாள்.

"குமுதவல்லி" என்றாள். "சுருக்காம, முழுசா எழுதுங்க."