எங்கே நடுவது

கடலில் பவளப்பாறைகளை மீட்டு வளர்ப்பதில் பேர்போனவர் ஜெனோவா. அவரிடம் கற்க வந்த முத்துராக்குவுக்கு அவரைவிட நாலைந்து வயதுதான் குறைவு. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

பங்குனி பிறந்திருந்தது. கரையோரத் தொட்டியில் இருவரும் வளர்த்த பவளத் துண்டுகள் ஓரங்களில் நிறம் மங்கத் தொடங்கின. தொட்டித் தண்ணீர் கடலைவிடச் சூடாக இருந்தது. வெயில் முற்றுவதற்குள் கடலடியில் நட்டால்தான் அவை பிடித்துக்கொள்ளும்.

எங்கே நடுவதென்று முத்துராக்கு சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியவில்லை. தொட்டிக்கும் கணினிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"உட்காருங்க," என்றார் ஜெனோவா.

"முடியல மேடம். ஒரு கணக்கு தீவுக்குக் கிழக்கே ஆழத்துல குளிர்ச்சியா இருக்கும்ங்குது. இன்னொண்ணு நீரோட்டம் உள்ள வாய்க்கால்தான் தப்பிக்கும்ங்குது."

"மூணாவது?"

"கரைப்பக்கம் கலங்கல் தண்ணி. அங்க உள்ள பவளம் சூட்டுக்குப் பழகினது. அதனால அங்க வைக்கலாம்னு தோணுது. ஆனா மழை கொட்டுனா சேறு மூடிரும்."

"சரி."

"என்ன மேடம் சரி? உங்களுக்குத் தெரியும். எது பிழைக்கும்? சொல்லுங்க."

"தெரியாது."

முத்துராக்கு தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். போன முறை எல்லாத் துண்டுகளையும் முத்துராக்கு தேர்ந்தெடுத்த ஒரே கடல்திட்டில் நட்டார்கள். ஒரே கோடையில் அத்தனையும் சூட்டில் வெளுத்துச் செத்தன. வெள்ளையாக நின்றவற்றை முங்கிப் பார்த்துவிட்டுப் படகில் ஏறியவர், கரை வரும்வரை முகக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

"அந்த இடத்தைச் சொன்னது நான்," என்றார்.

"சரின்னு சொன்னது நான்."

"இந்தத் தடவை தப்பாகக் கூடாது. இன்னும் ஒரு மாசம் அளந்து பார்க்கிறேன்."

ஜெனோவா தண்ணீரில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினார். நுனி முழுக்க வெளிறியிருந்தது.

"இதுகிட்டக் கேளுங்க, ஒரு மாசம் இருக்குமான்னு."

முத்துராக்கு அதை வாங்கவில்லை.

ஜெனோவா மூன்று கூடைகளை இழுத்துப்போட்டார். ஒரே தாய்ப்பவளத்திலிருந்து ஒடித்த துண்டுகளை முத்துராக்கு தனித்தனிக் கட்டாகக் கட்டி அடுக்கியிருந்தார். ஜெனோவா அந்தக் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று கூடைகளிலும் வைத்தார்.

"மேடம்! ஒரே தாயோட துண்டுங்க அது. பிரிக்கிறீங்களே!"

"ஆமா."

"ஒண்ணு கிழக்கே, ஒண்ணு வாய்க்கால்ல, ஒண்ணு கலங்கல்லயா?"

"ஆமா. ஈரச்சாக்கை எடுங்க. காயுது."

முத்துராக்கு கூடைகள்மேல் சாக்கைப் போர்த்தினார். வெளியே படகின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. முதல் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். வாசலில் முத்துராக்கு நின்றுவிட்டார்.

"இதுல ரெண்டு கூடையாவது செத்துப்போகும் மேடம்."

"செத்துப்போகலாம்."

"அது தெரிஞ்சும் கொண்டுபோய் இறக்கணுமா?"

ஜெனோவா கூடையைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த ரெண்டுன்னு சொல்லுங்க. அதை இறக்க வேண்டாம்."