ஒரு டம்ளர் இங்கிலீஷ்

ஓர் ஊரில் ஆங்கில நாளிதழ் ஒன்று வந்துகொண்டிருந்தது. வாசகர் கடிதப் பக்கத்தை எடித் அம்மையார் பார்த்துக்கொண்டார். அவரிடம் தொழில் கற்க வந்தவர் கோதண்டம். லண்டனில் படித்துவிட்டுத் திரும்பியவர்.

வந்த அன்றே வாசகி மைமூன் பீவியின் கடிதம் அவர் கைக்கு வந்தது. சுண்ணாம்புக்காரத் தெருக் குழாயில் பல நாளாகத் தண்ணீர் இல்லை. கடிதம் "அன்டோல்ட் ஹார்ட்ஷிப்", அதாவது சொல்லொணாத் துன்பம், என்று தொடங்கியது. "அதாரிட்டீஸ் கன்சர்ன்ட்", அதாவது சம்பந்தப்பட்ட அதிகாரிகள், உடனே "நீட்ஃபுல்", அதாவது ஆவன, செய்யவேண்டும் என்று முடிந்தது.

கோதண்டம் சிரித்துவிட்டார்.

"எங்கே மேடம் கத்துக்கிட்டாங்க இந்த இங்கிலீஷை?"

"நம்ம பேப்பர்லதான். தினமும் படிக்கிறாங்க."

"அப்போ நாமதான் திருத்தணும்."

"திருத்துங்களேன்" என்றார் எடித்.

கோதண்டம் திருத்தினார். நான்கே வரி. லண்டன் பத்திரிகையில் அப்படியே போடலாம். மறுநாள் அது வெளிவந்தது.

ஒரு வாரமாகியும் தண்ணீர் வரவில்லை. மைமூன் பீவிதான் வந்தார், இடுப்பில் காலிக் குடத்தோடு.

"என் கடுதாசியில கை வச்சது யாரு?"

"நான்தாம்மா. கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு..."

"அழகை ஊத்தியா தம்பி அண்டா கழுவுறது? வெள்ளிக்கிழமை பேரனுக்குப் பேர் வைக்கிறோம். தெருவே சாப்பிட வருது!"

கோதண்டம் எடித்தைப் பார்த்தார். எடித் மைமூன் பீவி முதலில் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தார். ஒரு சொல்லும் மாற்றாமல் மறுநாள் காலை வெளியிட்டார்.

மாலையில் தொலைபேசி அடித்தது. கோதண்டம் எடுத்தார். நகராட்சி இன்ஜினியர்.

"வால்வைச் சரிபண்ணித் திறந்து விட்டாச்சு சார். முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டோமே! போன வாரம் நீங்க படிக்கலையா?"

"படிச்சேன். ஏதோ செய்தின்னு விட்டுட்டேன். எங்களைக் கூப்பிடவே இல்லையே. 'அதாரிட்டீஸ் கன்சர்ன்ட்'னு கண்ணுல பட்டாத்தான் எழுந்திரிப்போம். எனக்கும் உங்க பேப்பர்தானே சார் இங்கிலீஷ் வாத்தியார்!"

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் முழுக்கப் பிரியாணி மணந்தது. அச்சுக்கூடத்து ஆட்கள் மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மைமூன் பீவி தெருக் குழாயிலேயே நிரப்பிய குடத்தை எடித்தின் மேசைமேல் வைத்தார்.

"பேரனுக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டார் கோதண்டம்.

"ரய்யான். நீங்க அதைத் திருத்தாம இருந்தாச் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டமும் சிரித்தார். இரண்டாம் முறை பிரியாணி வாங்கிக்கொண்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"மேடம், தண்ணி வந்துடுச்சு, சரி. ஆனா அவங்க எழுதினது இங்கிலீஷ்தானா?"

எடித் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவர் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்க."